தீர்ப்புக்கு முன்பே தண்டனை: இந்தியச் சிறைகள், சாதி, உடல்நலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியச் சிறைகளில் இருக்கும் நான்கு பேரில் மூன்று பேரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இதுவரை சொல்லவில்லை. அவர்கள் யார், ஏன் உள்ளேயே இருக்கிறார்கள், உள்ளே அவர்களுக்கு என்ன ஆகிறது என்பது பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. வகுப்பறையிலும் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விசாரணைக் கைதி என்றால் யார்? எத்தனை பேர் இருக்கிறார்கள்?

வழக்கு முடியாமல் சிறையில் இருப்பவர் விசாரணைக் கைதி. போலீஸ் கைது செய்து, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, அவர் ரிமாண்ட் செய்த நாளில் இருந்து ஒருவர் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார். அப்புறம் ஜாமீன் கிடைக்கும் வரை, அல்லது தீர்ப்பு வரும் வரை உள்ளேதான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவர அறிக்கை வெளியிடுகிறது. 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காடு, விசாரணைக் கைதிகள். எல்லாச் சிறைகளுக்குமான மொத்தக் கொள்ளளவே 4,36,266 தான். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: விசாரணைக் கைதிகள் மட்டுமே நாட்டின் சிறைகளை ஏறத்தாழ முழுவதுமாக நிரப்பிவிடுகிறார்கள். அவர்களில் 11,448 பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பில்லாமல் இருந்தவர்கள்.

இவர்கள் எந்தப் பின்னணியில் இருந்து வருகிறார்கள்?

அதே அறிக்கைகள் சாதிப் பிரிவு, மதம், படிப்பு ஆகியவற்றையும் தருகின்றன. விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களின் பங்கு 16.6 விழுக்காடு. முஸ்லிம்களின் மக்கள்தொகைப் பங்கு 14.2 விழுக்காடு, விசாரணைக் கைதிகளில் அவர்களும் ஐந்தில் ஒருவரை நெருங்குகிறார்கள். பழங்குடியினரின் பங்கும் மக்கள்தொகையில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதல். படிப்பைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் கண்ணில் அறையும். ஏறத்தாழ மூன்றில் இருவர் பத்தாம் வகுப்பைத் தொடாதவர்கள்.

வருமானத்தை இந்த அறிக்கை கேட்பதில்லை. ஏழைகள்தான் சிறையில் இருக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். அதை நேரடியாக அளக்கும் எண்ணை அரசு சேகரிப்பதே இல்லை. படிப்பை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இது பெரிய குறை.

மக்கள்தொகையைவிடச் சிறையில் ஒரு பிரிவினரின் பங்கு அதிகமாக இருந்தால், அதுவே பாகுபாட்டுக்குச் சான்றாகுமா?

ஆகாது. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாகுபாடு இல்லை என்று வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது எங்கே நடக்கிறது என்று சரியாகக் காட்ட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சிறையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் 18 முதல் 50 வயதுக்குள் இருக்கும் ஆண்கள். ஒப்பிட வேண்டிய கூட்டமும் அதுதான். குழந்தைகளையும் முதியவர்களையும் பெண்களையும் சேர்த்த மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் கணக்கு கொஞ்சம் கோணும். மாநில வேறுபாடும் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் ஒரு பிரிவினர் அதிகம் வாழ்ந்து, அதே மாநிலம் அதிகம் கைது செய்தால், அகில இந்தியச் சராசரியில் அந்தப் பிரிவினரின் பங்கு தானாகவே கூடும். 2011க்குப் பிறகு புதிய கணக்கெடுப்பு முடிவு கையில் இல்லாததால் அடித்தளமும் பழையது.

எல்லாவற்றையும்விட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. டிசம்பர் 31 அன்று உள்ளே இருப்பவர்களை எண்ணுவது வேறு, ஆண்டு முழுவதும் உள்ளே போனவர்களை எண்ணுவது வேறு. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மட்டும் போய்ப் படுக்கைகளை எண்ணினால் நாள்பட்ட நோயாளிகள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். காய்ச்சலுக்கு வந்து இரண்டு நாளில் போனவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். சிறையும் அப்படித்தான். ஓர் ஆண்டில் 15 லட்சத்துக்கும் அதிகமான முறை ஆட்கள் உள்ளே அனுப்பப்படுகிறார்கள். வசதியும் வக்கீலும் உள்ளவர் பத்து நாளில் வெளியே வந்துவிடுவார். இல்லாதவர் டிசம்பர் 31 வரை இருப்பார். ஆகவே இந்தப் புள்ளிவிவரம் யார் அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. யார் அதிகம் கைதாகிறார்கள் என்பதைக்கூடப் பாதிதான் சொல்கிறது. யாரால் வெளியே வர முடியவில்லை என்பதைத்தான் அது மிகத் துல்லியமாகச் சொல்கிறது. பாகுபாட்டைத் தேட வேண்டிய இடம் எது என்பதற்கான குறிப்பு இங்கேயே இருக்கிறது.

அப்படியானால் நீதிபதிகள் தங்கள் மதம், சாதி பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்களா?

இதைப் பெரிய அளவில் சோதித்த ஓர் ஆய்வு இருக்கிறது. இந்தியக் கீழமை நீதிமன்றங்களில் 2010 முதல் 2018 வரை பதிவான 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குற்ற வழக்குகளைப் பொருளாதார அறிஞர்கள் குழு ஒன்று எடுத்துக்கொண்டது. பெயர்களைக் கொண்டு நீதிபதி, குற்றம்சாட்டப்பட்டவர் இருவரின் பாலினத்தையும் மதத்தையும் கணினி வழியாக வகைப்படுத்தினார்கள். எந்த வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்பது பெரும்பாலும் தற்செயலாக அமைவதால், தன் மதத்தைச் சேர்ந்த நீதிபதி கிடைத்தவருக்கு விடுதலை வாய்ப்பு கூடுகிறதா என்று பார்க்க முடிந்தது.

கூடவில்லை. பாலினத்திலும் மதத்திலும் விளைவு பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. ரமலான் மாதத்தில் சிறிய அளவிலும், அரிதான குடும்பப் பெயர் இருவருக்கும் பொருந்தும்போதும் மட்டும் ஒரு சாய்வு தெரிந்தது.

இந்த முடிவைக் கேட்டதும் சிலர் நிம்மதி அடைகிறார்கள், சிலர் கோபப்படுகிறார்கள். இரண்டுமே அவசரம். இந்தச் சோதனை “நம்மாள்” என்ற சாய்வை மட்டுமே அளக்கிறது. எல்லா நீதிபதிகளும் ஒரு பிரிவினரிடம் ஒரே அளவுக்குக் கடுமையாக இருந்தால் இந்த முறையில் அது தெரியவே தெரியாது. ஆய்வாளர்களும் அதைச் சொல்லியே இருக்கிறார்கள். ஆனாலும் முடிவை மதிக்க வேண்டும். தீர்ப்பு என்ற ஒரே இடத்தில் எல்லாக் குற்றத்தையும் போட்டுவிட்டுப் போக முடியாது. தீர்ப்புக்கு முன்னால் நீளும் பாதையைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாதை எங்கே தொடங்குகிறது?

காவல் நிலையத்தில். எந்தத் தெருவில் ரோந்து போவது, யாரை நிறுத்திக் கேட்பது, எந்தச் செக்‌ஷனில் வழக்குப் போடுவது, எல்லாம் அங்கே முடிவாகின்றன. லோக்நீதி ஆய்வுக் குழுவும் காமன் காஸ் அமைப்பும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட காவல்துறை நிலை அறிக்கைக்காக 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களிடம் பேசினார்கள். முஸ்லிம்கள் இயல்பிலேயே குற்றம் செய்யும் போக்கு உள்ளவர்கள் என்று அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஓரளவோ முழுவதுமோ கருதினார்கள்.

இப்படி ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கத்துக்குச் சட்ட வரலாறும் இருக்கிறது. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பெருவிரல் ரேகை பதிய வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். விடுதலைக்குப் பிறகு சட்டம் நீக்கப்பட்டது. அதன் இடத்தில், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்கள் என்று ஆட்களை முத்திரை குத்தும் ‘வழக்கக் குற்றவாளிகள்’ சட்டங்கள் வந்தன. குறவர், இருளர் குடும்பங்களைக் கேட்டால், ஊரில் திருட்டு நடந்த மறுநாள் முதலில் தங்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வரும் என்று இன்றும் சொல்வார்கள்.

ஜாமீன் கிடைத்த பிறகும் ஏன் பலரால் வெளியே வர முடிவதில்லை?

ஜாமீன் உத்தரவு ஒரு காகிதம்தான். அதை நிறைவேற்ற ஆள் வேண்டும், சொத்துச் சான்று வேண்டும், அலைய நேரம் வேண்டும். வழக்கமாக இரண்டு ஜாமீன்தாரர்கள் கேட்பார்கள். அவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, சில நீதிமன்றங்களில் தாசில்தாரிடம் வாங்கிய சொத்து மதிப்புச் சான்று எல்லாம் கொண்டுவந்து, கூலி வேலையை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் காத்திருக்க வேண்டும். அடுத்தவருக்காக அதைச் செய்ய யார் முன்வருவார்கள்? சொத்துள்ள சொந்தக்காரர் இருப்பவருக்கு இது ஒரு நாள் வேலை. பட்டா இல்லாத புறம்போக்கில் குடியிருப்பவருக்கும், பீகாரில் இருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்தவருக்கும் இது தாண்டவே முடியாத சுவர்.

இது இன்று தெரிந்த செய்தி இல்லை. 1978இல் மோத்தி ராம் வழக்கில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டிருந்தார் மாஜிஸ்திரேட். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அந்த ஜாமீனையும் ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். 2017இல் சட்ட ஆணையம் தன் 268ஆவது அறிக்கையிலும் அதையேதான் சொன்னது: பணமும் செல்வாக்கும் உள்ளவர் எளிதில் ஜாமீன் பெறுகிறார், ஏழை சிறையில் வாடுகிறார்.

2022 இறுதியில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் இருந்தவர்கள் 5,000 பேருக்கு மேல் என்று இலவசச் சட்ட உதவிக்கான தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 26, அரசியலமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சிறிய வழக்குகளுக்காகச் சிறையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி எழுதிவைத்த உரையை விட்டு விலகி நேரடியாகப் பேசினார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளைக் கொடுத்தது. ஜாமீன் கிடைத்த ஏழு நாளில் கைதி வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதைத் தவிர்க்கலாம். நல்ல வழிமுறைகள். ஒவ்வொரு கிளைச் சிறையிலும் யாராவது ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் நடக்கும்.

நீண்ட காலம் உள்ளே இருப்பவரை விடுவிக்கச் சட்டமே இல்லையா?

இருக்கிறது. 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு பீகார் சிறைகளின் நிலையை வெளியே கொண்டுவந்தது. குற்றத்துக்கு அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதியாகவே இருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கொரானி தொடுத்த அந்த வழக்கின் தொடர்ச்சியாக நாடு முழுவதும் ஏறத்தாழ 40,000 பேர் வெளியே வந்தார்கள். விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னதும் அந்த வழக்கில்தான்.

பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436ஏ பிரிவு சேர்ந்தது: அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்தவரைப் பொதுவாக ஜாமீனில் விட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது. ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஊரில் நடக்கும் ஒவ்வொரு திருட்டையும் ஒருவர் தலையிலேயே கட்டும் வழக்கம் எந்தச் சமூகங்களிடம் நடக்கிறது என்று காவல் நிலையம் பற்றிய பதிலில் பார்த்தோம். யாருக்கு இந்தச் சலுகை அதிகம் தேவையோ, அவர்களே அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டின் நிலை எப்படி?

இடநெருக்கடியில் தமிழ்நாட்டுக்குப் பரவாயில்லை. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் 100 பேருக்கான இடத்தில் 180 பேர் வரை இருந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சிறைகளின் மொத்த எண்ணிக்கை கொள்ளளவைத் தாண்டவில்லை. மாநிலங்களின் காவல்துறை, சிறை, நீதிமன்றம், சட்ட உதவி ஆகியவற்றை ஒப்பிடும் இந்திய நீதி அறிக்கையின் 2022 பதிப்பில், சிறைகளுக்கான தரவரிசையில் தமிழ்நாடு முதலிடம்.

குண்டாஸ் விஷயத்தில் நிலை தலைகீழ். 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டப்படி, விசாரணையே இல்லாமல் ஒருவரை ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். இந்தியாவில் தடுப்புக் காவலில் இருக்கும் கைதிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் தமிழ்நாட்டில் இருந்த ஆண்டுகள் சமீபத்தியவைதான். ஆட்கொணர்வு மனு போட்டால் உயர் நீதிமன்றத்தில் பல உத்தரவுகள் ரத்தாகின்றன. அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ரத்தான உத்தரவுக்காக உள்ளே கழித்த மாதங்களுக்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை. சமூக நீதி பேசும் மாநிலத்தில் இந்த எண்ணைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறைக்குள்ளும் சாதி பார்ப்பார்களா?

எழுதி வைத்தே பார்த்தார்கள். பல மாநிலச் சிறைக் கையேடுகளில், சமையல் வேலைக்கு இன்ன சாதியினர், கழிவறை துப்புரவுக்கு இன்ன சாதியினர் என்ற விதிகள் அண்மைக்காலம் வரை அச்சில் இருந்தன. மேற்கு வங்கக் கையேடு துப்புரவுப் பணிக்கு ஆள் எடுக்க வேண்டிய சாதிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா இதை 2020இல் வெளிக்கொண்டுவந்து, பிறகு வழக்கும் தொடுத்தார். 2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த விதிகளைச் செல்லாது என்று அறிவித்தது. அரசியலமைப்பில் தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆவது பிரிவும் தீர்ப்பின் அடிப்படைகளில் உண்டு. மூன்று மாதத்துக்குள் கையேடுகளைத் திருத்த உத்தரவிட்டது.

அந்த வழக்கில் பாளையங்கோட்டை மத்தியச் சிறையும் வந்தது. தேவர், நாடார், பள்ளர் எனச் சமூகவாரியாகக் கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் வைப்பது பற்றி மனுவில் சொல்லப்பட்டிருந்தது. இது தொடர்பாக ஏற்கெனவே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போன ஒரு பொதுநல மனு, மோதலைத் தடுக்கவே பிரித்து வைக்கிறோம் என்ற அரசின் விளக்கத்தை ஏற்றுத் தள்ளுபடி ஆகியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தப் பார்வையை ஏற்கவில்லை.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். அரசின் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதியில் சாதிக் கொலைகளும் பழிக்குப் பழியும் நடக்கின்றன. இரண்டு பக்கத்தினரையும் ஒரே பிளாக்கில் போட்டால் ரத்தம் சிந்தும் என்ற பயம் கற்பனையானது அல்ல. ஆனால் பகை இரண்டு கும்பல்களுக்கு இடையில் என்றால் அந்தக் கும்பல்களைப் பிரிக்கலாம்; வழக்கு வழக்காகப் பார்த்து ஆபத்து உள்ளவரைத் தனியே வைக்கலாம். செயின் பறிப்பு வழக்கில் வந்த இருபது வயதுப் பையனைச் சாதி கேட்டு ஒரு பிளாக்கில் விட்டால், அதுவரை எந்தக் கும்பலிலும் இல்லாத அவனுக்கு உள்ளே போன முதல் நாளே ஒரு கும்பல் கிடைத்துவிடும். பாதுகாப்பு தேட அவனுக்கு வேறு வழியும் இருக்காது.

பதிவேட்டில் சாதிப் பத்தியை நீக்கினால், ஆய்வுக்குத் தரவு எங்கிருந்து வரும்?

நியாயமான கவலை. கைதிகளின் பதிவேட்டில் சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது அதே தீர்ப்புதான். ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரச் சேகரிப்பை இது தடுக்காது என்று நீதிமன்றம் பின்னர் தெளிவுபடுத்தியது. சிறை வார்டனின் கையில் இருக்கும் சாதி விவரம் ஆளைப் பிரிக்கப் பயன்படும். அறிக்கையில் மொத்த எண்ணாக வரும் சாதி விவரம் அந்தப் பிரிவினையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். முன்னதை மூடிப் பின்னதைத் திறந்து வைப்பதுதான் சரி.

சிறைவாசம் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது?

காசநோயில் இருந்து தொடங்கலாம். காற்றோட்டமில்லாத அறையில் நெருக்கியடித்துப் படுப்பவர்களிடையே அது வேகமாகப் பரவும். உலக அளவில் சிறைவாசிகளிடம் புதிய காசநோய்த் தாக்கம் பொதுமக்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு என்றும், பாதியளவு நோயாளிகளே கண்டறியப்படுகிறார்கள் என்றும் 2023இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணித்தது. விசாரணைக் கைதிகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்துபோகிறவர்கள். மருந்தைத் தொடங்கிப் பாதியில் வெளியே போனால் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைத் தொடர யாரும் ஏற்பாடு செய்து அனுப்புவதில்லை. நோய் வீட்டுக்கும் தெருவுக்கும் போகிறது. சிறைச் சுகாதாரம் உள்ளே இருப்பவரின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது மனநலம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறையில் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011இல் அறிக்கை வெளியிட்டார்கள். போதைப் பழக்கத்தையும் சேர்த்தால் 79.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. போதையைத் தனியே எடுத்துவிட்டாலும் 27.6 விழுக்காடு. கைதானதும் குடியோ கஞ்சாவோ திடீரென்று நின்றுபோக, முதல் சில நாள்களில் வரும் நடுக்கமும் குழப்பமும் சரியாகக் கவனிக்கப்படாவிட்டால் உயிரையே எடுக்கும். தற்கொலை அபாயமும் அந்த ஆரம்ப நாள்களில் அதிகம். நாடு முழுவதும் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான கைதிகளுக்குச் சிறைகளில் இருந்த உளவியல், மனநல நிபுணர்கள் வெறும் 25 பேர் என்று 2025 இந்திய நீதி அறிக்கை சொல்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலாவது மனநல மருத்துவப் பிரிவு வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கட்டாயமாக்கிய பிறகும் இதுதான் நிலைமை.

2022இல் சிறைகளில் 1,995 பேர் இறந்தார்கள். 1,773 மரணங்கள் ‘இயற்கை மரணம்’ என்ற தலைப்பில் வருகின்றன. இந்தத் தலைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாரடைப்பு இயற்கைதான். ஆனால் இரவில் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காவலுக்குப் போலீஸ் எஸ்கார்ட் கிடைக்காமல் விடியும் வரை காத்திருந்தால், அந்த மரணத்துக்கு வேறு காரணமும் இருக்கிறது. சிறைக்குள் நுழைவதற்கு முன்பே நடப்பதும் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் காயங்களோடு இருந்தபோதே உடல்தகுதிச் சான்று பெற்று, ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாள்களுக்குள் இருவரும் இறந்தார்கள். மருத்துவர், மாஜிஸ்திரேட், சிறை அதிகாரி என மூன்று இடங்களில் யாராவது ஒருவர் அந்த உடல்களைச் சரியாகப் பார்த்திருக்கலாம்.

மரண தண்டனை பெற்றவர்கள் யார் என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். 2016இல் வந்த அந்த அறிக்கைக்காக, அப்போது மரண தண்டனை பெற்றிருந்த 385 பேரில் 373 பேர் குறித்து விவரம் திரட்டினார்கள். பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் 74.1 விழுக்காடு. பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினரும் மதச் சிறுபான்மையினருமாக 76 விழுக்காடு. 2021இல் அவர்களே வெளியிட்ட அடுத்த ஆய்வுக்காக 88 பேரைச் சந்தித்தார்கள்; மனநலம் மதிப்பிடப்பட்டவர்களில் 62.2 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது.

பெண் கைதிகள்?

மொத்தத்தில் சுமார் 4 விழுக்காடு, 2022இல் 23,772 பேர். எண்ணிக்கை சிறியது என்பதே அவர்களுக்குப் பாதகம். பல மாவட்டங்களில் பெண்களுக்குத் தனிச் சிறை இல்லாததால் ஆண்கள் சிறையின் மூலையில் ஒரு பிளாக், அல்லது வீட்டில் இருந்து வெகு தொலைவில் இடம். மனு போட்டுப் பார்க்க வருபவர்களும் குறைவு. கணவன் உள்ளே இருந்தால் மனைவி வாரம் தவறாமல் வருகிறாள். மனைவி உள்ளே போனால் பல வீடுகளில் அவள் பெயரையே எடுப்பதில்லை. ஆறு வயது வரை பிள்ளையைத் தாயோடு வைத்துக்கொள்ளலாம். அப்படி 1,700க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த ஆண்டு சிறைகளில் இருந்தார்கள்.

வெளியே வந்தபின் வேலை கிடைக்குமா?

அமெரிக்காவில் சமூகவியலாளர் தேவா பேஜர் இதை நேரடியாகச் சோதித்தார். மில்வாக்கி நகரில் ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிலர் சிறை சென்றதாக விண்ணப்பத்தில் சொன்னார்கள். சிறைப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 விழுக்காடு அழைப்பு, பதிவுள்ள வெள்ளையருக்கு 17. பதிவே இல்லாத கறுப்பருக்கு 14, பதிவுள்ள கறுப்பருக்கு 5. குற்றப் பதிவுள்ள வெள்ளையரைவிடக் குற்றமே செய்யாத கறுப்பருக்கு வாய்ப்பு குறைவு.

இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் பெயரை மட்டும் மாற்றி ஒரே தரத்திலான விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அடுத்த கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 (1 என்றால் சமவாய்ப்பு). பெயருக்கே இந்த நிலை என்றால் பெயரோடு ஒரு வழக்கும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? இந்தியாவில் இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் ஆய்வை யாராவது இளம் ஆய்வாளர் கையில் எடுக்க வேண்டும்.

விசாரணைக் கைதிக்கு ஓட்டு உண்டா?

இல்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62(5) தடுக்கிறது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு ஓட்டு உண்டு. விசாரணைக் கைதி உள்ளே இருந்தபடி தேர்தலில் நிற்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது.

கைதிகளைப் பற்றியே பேசினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு யார் பேசுவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. வழிப்பறியில் தாலியைப் பறிகொடுத்தவரும், பிள்ளையை இழந்தவரும் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் தாமதம் இரண்டு பக்கத்தையும் தின்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் புகார் கொடுத்த தலித் குடும்பங்கள் வாய்தா மேல் வாய்தாவாக வருடக்கணக்கில் அலைகின்றன. சாட்சிகள் ஊரில் தினமும் மிரட்டலைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும். தப்பான ஆளைப் பிடித்து உள்ளே வைத்தால் செய்தவன் வெளியே இருக்கிறான். குற்றத்தால் அதிகம் பாதிக்கப்படுபவர்களும் பொய் வழக்கில் அதிகம் சிக்குபவர்களும் பல ஊர்களில் ஒரே தெருவில்தான் குடியிருக்கிறார்கள்.

என் சொந்தக்காரர் ரிமாண்டில் இருக்கிறார், கையில் பணம் இல்லை. என்ன செய்யலாம்?

முதல் வேலை, 15100 என்ற எண்ணில் சட்ட உதவிக்கு அழைப்பது, அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போவது. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் பெற வருமான வரம்பு கிடையாது. வழக்கு எண், காவல் நிலையம், செக்‌ஷன், ரிமாண்ட் ஆன தேதி ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி மிக முக்கியம். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். ஆனால் குற்றப்பத்திரிகை வந்துசேர்வதற்கு முன்பே மனு போட்டுவிட வேண்டும்.

ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாவிட்டால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் உதவி கேட்கலாம். 2023இல் திட்டம் தொடங்கியபோது ஒரு விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று இருந்தது. தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட முடியாதவருக்கு 25,000 வரை. போதைப்பொருள் சட்டம், உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் போன்ற சில சட்டங்களின் கீழ் உள்ளவர்களுக்கு இது கிடையாது. சிறை அலுவலகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் இரண்டு இடத்திலும் கேளுங்கள். ஓரிடத்தில் தெரியாது என்றால் மற்ற இடத்தில் தெரிந்திருக்கும்.

அவர் ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், சர்க்கரை, வலிப்பு, காசநோய், மனநலம் எதுவானாலும், டாக்டர் சீட்டின் நகலை, மனு போட்டு முதல்முறை அவரைப் பார்க்கப் போகும்போதே சிறை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். உடம்பில் காயம் இருந்தால் ரிமாண்ட் நீட்டிப்பின்போது மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லி, அதைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள். வீடியோவில் ஆஜர்படுத்தினாலும் அந்த உரிமை உண்டு.